பெரியம்மாவின் ஏ.டி.எம். கார்டு யார் கையில் இருக்க வேண்டும்?

கேள்வி (சுருக்கம்): கடலூர் திருப்பாதிரிப்புலியூரை ஒட்டிய ஒரு நகரிலிருந்து 51 வயது வாசகி எழுதியிருக்கிறார். 2024 டிசம்பரில் தென்பெண்ணை வெள்ளம் வீடுகளுக்குள் புகுந்தபோது, தெருவில் தனியாக இருந்த முதியவர்களுக்குச் சோறு கொண்டுபோய்க் கொடுத்ததில் தொடங்கிய குழு அவர்களுடையது. இப்போது 12 பேர். துணைக்கு ஆளில்லாதவர்களை அரசு தலைமை மருத்துவமனைக்கும் ஜிப்மருக்கும் அழைத்துப் போவது, மருந்து வாங்கித் தருவது, மின் கட்டணம் கட்டுவது, படுத்த படுக்கையாக இருப்பவர்களைத் திருப்பிப் படுக்க வைப்பது என 19 வீடுகளுக்குப் போய்வருகிறார்கள். யாருக்கும் சம்பளம் இல்லை.

அந்த வீடுகளில் ஒன்றில் 78 வயதுப் பெரியம்மா ஒருவர் இருக்கிறார். கணவர் ரயில்வேயில் இருந்தவர். குடும்ப ஓய்வூதியம் வங்கிக்கு வருகிறது. அவர் தன் ஏ.டி.எம். கார்டை வாசகியிடமே கொடுத்துவிட்டார். பின் நம்பர் கார்டு உறையின் மேல் பேனாவால் எழுதியிருக்கிறது. ஆறு மாதமாக மாதம் 10,000 ரூபாய் எடுத்திருக்கிறார் வாசகி. பெரியம்மா கையில் மாதம் 6,000 கொடுத்திருக்கிறார். மீதியில் மருந்தும் வீட்டுச் செலவும். சென்னையில் இருக்கும் மகன் வந்து பாஸ்புக்கைப் பார்த்துவிட்டு, 8,000 ரூபாய்க்குக் கணக்கு இல்லை, போலீசில் புகார் கொடுப்பேன் என்கிறார். "சேவைக்குப் போய் திருட்டுப் பட்டம் வாங்கினேன். 8,000-ஐ என் கையிலிருந்து போட்டு முடித்துவிடலாமா? குழுவைப் பதிவு செய்துவிட்டால் இப்படி யாரும் கேட்க முடியாதுதானே?" என்று கேட்கிறார். கூடவே மூன்று சந்தேகங்கள்: பாரீஸில் இருந்து ஒருவர் மாதம் 200 யூரோ தருவதாகச் சொல்கிறார், வாங்கலாமா? மீந்துபோன மாத்திரைகளைச் சேகரித்து இல்லாதவர்களுக்குக் கொடுக்கிறோம், சரியா? பெரியம்மா, "மகன் பெயரில் எழுதிய வீட்டை மீட்டு உங்களுக்கே எழுதிவைக்கிறேன்" என்கிறார், என்ன செய்ய?

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

கடிதத்தில் இருப்பதை வைத்துப் பார்த்தால் நீங்கள் பணத்தை எடுத்துக்கொண்டதாக எனக்குத் தோன்றவில்லை. ஆனால் என் நம்பிக்கையால் உங்களுக்கு ஒரு பயனும் இல்லை. "சம்பளம் வாங்காமல் செய்கிறோம், எங்களைச் சட்டம் என்ன செய்யும்" என்று ஓரிடத்தில் எழுதியிருக்கிறீர்கள். சம்பளம் வாங்கினீர்களா என்று சட்டம் கேட்பதில்லை. ஒருவர் தன் பொருளை நம்பி உங்களிடம் ஒப்படைத்தாரா, அதை நீங்கள் நேர்மையற்ற எண்ணத்தோடு கையாண்டீர்களா என்றுதான் கேட்கும். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் நம்பிக்கை மோசடி என்றிருந்த குற்றம் இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 316-ஆம் பிரிவில் இருக்கிறது. சாதாரண நம்பிக்கை மோசடிக்கு ஐந்து ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. நேர்மையற்ற எண்ணம் இருந்தது என்பதைப் புகார் சொல்பவர் தரப்புதான் நிரூபிக்க வேண்டும்; கணக்கு எழுதாமல் விட்டது மட்டும் குற்றமாகிவிடாது. ஆனால் கணக்கு இல்லாதபோது சந்தேகத்துக்கு இடம் கொடுத்தவர் நீங்களாகிவிடுகிறீர்கள்.

இன்னொன்றைக் கவனியுங்கள். எடுத்தது 60,000. கையில் கொடுத்தது 36,000, மருந்துக்கு 11,400, மின் கட்டணமும் சிலிண்டரும் 4,600 என்று எழுதியிருக்கிறீர்கள், ஆக 52,000. மகன் 8,000-ஐ மட்டும் கேட்பது ஏன்? 36,000 வாங்கியதைப் பெரியம்மா இன்றைக்கு ஒப்புக்கொள்வதால்தான். அதற்கும் உங்களிடம் ஒரு கையெழுத்து கிடையாது. நாளைக்கு அவருக்கு நினைவு தப்பினாலோ, மகன் சொல்படி மாற்றிச் சொன்னாலோ, பதில் சொல்ல வேண்டிய தொகை 44,000 ஆகிவிடும். எனவே காணாமல் போன 8,000-ஐத் தேடுவதற்கு முன்னால், இப்போது காணாமல் போகாமல் இருக்கும் 36,000-ஐ எழுத்தில் கொண்டுவாருங்கள்.

இந்த வாரமே செய்ய வேண்டியவை

கார்டைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். மகனிடமோ பக்கத்து வீட்டாரிடமோ வேண்டாம்; பெரியம்மா கையிலேயே கொடுங்கள். தெருவில் இரண்டு தரப்புக்கும் வேண்டிய, உங்கள் குழுவில் இல்லாத இருவரை அப்போது உடன் வைத்துக்கொள்ளுங்கள். ஓய்வு பெற்ற ஆசிரியர், கோயில் கமிட்டிக்காரர், யாராக இருந்தாலும் சரி. "இன்ன வங்கியின் கார்டை, கடைசி நான்கு எண் இது, இன்ன தேதியில் திரும்பப் பெற்றேன்; கடந்த ஆறு மாதம் மாதம் 6,000 வீதம் ரொக்கம் என் கைக்கு வந்தது" என்று ஒரு தாளில் எழுதிப் படித்துக் காட்டி, கையெழுத்தோ பெருவிரல் ரேகையோ வாங்கி, அந்த இருவரும் சாட்சி போடட்டும். நீங்கள் மட்டும் தனியாக உட்கார்ந்து வாங்கினால், கிழவியை மிரட்டி எழுதி வாங்கினார்கள் என்ற அடுத்த புகாருக்கு நீங்களே தாள் எடுத்துக் கொடுத்ததாகிவிடும். பின் நம்பரை அன்றைக்கே மாற்றச் சொல்லுங்கள், அந்த உறையையும் கிழித்துப் போடச் சொல்லுங்கள்.

அடுத்தது கணக்கை மீட்டெடுப்பது. நினைவிலிருந்து எழுதக் கூடாது. பாஸ்புக்கில் பணம் எடுத்த ஒவ்வொரு தேதியையும் ஒரு தாளில் வரிசையாக எழுதுங்கள். அதற்கு நேராக உங்கள் செல்போனில் அன்றைய வாட்ஸப் செய்திகள், கூகுள் பே பட்டியல், அழைப்பு விவரம் எல்லாவற்றையும் பாருங்கள். மின் கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. ஆறு மாதத்தில் மூன்று பில்தான் இருக்க முடியும், இணைப்பு எண்ணைக் கொடுத்தால் மின்வாரிய இணையதளத்தில் கட்டிய தேதி வரும். சிலிண்டர் வந்த தேதி அவர் பதிவு செய்த செல்போனில் குறுஞ்செய்தியாக இருக்கும். மருந்துக்கடையில் வழக்கமாக வாங்குபவர் என்றால் கம்ப்யூட்டரில் பழைய பில்லை எடுத்துத் தருவார்கள்.

இப்படித் தேடும்போது பெரும்பாலும் விடுபட்டுப் போவது முதியோர் டயப்பர். நாளுக்கு இரண்டு என்றால் மாதம் 60. பத்து உள்ள பாக்கெட் ஆறு. கையில் காசு கொடுத்து வாங்கியிருப்பீர்கள், பில் வாங்கியிருக்க மாட்டீர்கள். ஜிப்மருக்குப் போய்வந்த கார் வாடகை, பாத்திரம் தேய்க்க வரும் அம்மாவுக்குக் கொடுத்த முன்பணம், கேபிள் டிவி ஆகியவற்றையும் கேட்டுப் பாருங்கள். கார் ஓட்டியவரும் வேலைக்கார அம்மாவும் தேதி, தொகை சொல்லி எழுதிக் கொடுத்தால் அதையும் சேருங்கள்.

பட்டியல் போட்டு முடித்தபின் 2,300 ரூபாய் இடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். "கணக்கில் வராதது ரூ. 2,300" என்று அப்படியே எழுதுங்கள். சரிக்கட்ட ஒரு பில் தயார் செய்தீர்களானால், இதுவரை இல்லாத குற்றம் அந்த நிமிடம் உருவாகிவிடும். உங்களில் யாரும் போகாத தேதியில் பணம் எடுக்கப்பட்டிருந்தால் அதையும் குறித்து வையுங்கள். உறையில் எண் எழுதியிருந்த கார்டை எத்தனை பேர் பார்த்திருப்பார்கள்! அப்படி ஒரு தேதி தென்பட்டால், பெரியம்மா கையெழுத்தோடு வங்கிக் கிளைக்கு உடனே மனு கொடுங்கள், ஏ.டி.எம். கேமரா பதிவை நெடுநாள் வைத்திருக்க மாட்டார்கள்.

கையிலிருந்து 8,000 போட்டு முடிப்பது பற்றிக் கேட்டீர்கள். வேண்டாம். உங்கள் மனசுக்கு அது பெருந்தன்மை. புகார் மனுவில் "தவறை ஒப்புக்கொண்டு பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்" என்று ஒரு வரியாகிவிடும். பட்டியலை மகனிடம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ஒரு கையெழுத்து வாங்குங்கள். அதன் பிறகும் ஒரு தொகை உங்கள் பொறுப்பு என்று நீங்களே உணர்ந்தால், எதற்காகக் கொடுக்கிறீர்கள் என்று எழுதி, பெரியம்மாவின் வங்கிக் கணக்கிலேயே செலுத்துங்கள். ரொக்கமாக மகன் கையில் கொடுக்காதீர்கள்.

மகனைப் பற்றியும் ஒரு வார்த்தை. கடிதம் முழுக்க அவர் வில்லனாக வருகிறார். 190 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஒருவர், தாயின் கார்டு முன்பின் தெரியாதவரிடம் இருப்பதைத் திடீரென்று பார்த்தால் கேள்வி கேட்கத்தான் செய்வார். கேட்ட விதம் தவறாக இருக்கலாம், கேட்டது தவறில்லை.

கார்டு இல்லாமல் பணம் எடுக்க வழி

பின் நம்பரை இன்னொருவரிடம் சொன்னதால் பணம் போனால், வங்கிக்குத் தகவல் கொடுக்கும்வரை ஏற்பட்ட இழப்பு வாடிக்கையாளருடையதே. ரிசர்வ் வங்கியின் 2017 விதிமுறை இது. உங்களை நம்பிக் கொடுத்ததால் பெரியம்மா தன் பாதுகாப்பையும் சேர்த்து இழந்திருக்கிறார். இனி எந்த வீட்டிலும் கார்டு, பின் நம்பர், கையெழுத்துப் போட்ட வெற்றுக் காசோலை மூன்றையும் குழுவில் யாரும் தொடக் கூடாது.

பதிலுக்கு என்ன? 70 வயது தாண்டியவர்களுக்கு வீட்டுக்கே வந்து பணம் கொடுக்கும் சேவைக்கு ஏற்பாடு செய்யும்படி ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குச் சொல்லியிருக்கிறது. கிளை மேலாளரிடம் எழுத்தில் கேளுங்கள். அதைவிடச் சுலபமானது தபால்காரர். வங்கிக் கணக்கில் ஆதார் இணைந்திருந்தால் போதும், எந்த வங்கியாக இருந்தாலும் தபால் துறையின் பேமெண்ட்ஸ் வங்கி வழியாக விரல் ரேகை வைத்து ஒருமுறைக்கு 10,000 ரூபாய் வரை வீட்டுத் திண்ணையிலேயே வாங்கிக்கொள்ளலாம். வயதானவர்களுக்கு ரேகை தேய்ந்து, கருவி "பொருந்தவில்லை" என்று திருப்பி அனுப்பும். கையைக் கழுவி, ஈரத்தை முழுக்கத் துடைக்காமல், பெருவிரலோடு நிற்காமல் பத்து விரலையும் ஒவ்வொன்றாக முயலச் சொல்லுங்கள். மோதிர விரல் பல பேருக்குக் கைகொடுக்கும். நவம்பரில் வாழ்நாள் சான்றும் கொடுக்க வேண்டியிருக்கும். ரேகை ஒத்துவராவிட்டால் செல்போன் கேமராவில் முகத்தைக் காட்டியே அதை முடிக்கலாம்.

படுத்த படுக்கையாக, கையெழுத்தே போட முடியாதவராக இருந்தாலும் வழி இருக்கிறது. பணம் எடுக்கும் சீட்டில் பெருவிரல் ரேகையோ, கால் பெருவிரல் ரேகையோ வைக்கலாம். வங்கிக்குத் தெரிந்த இரண்டு சாட்சிகள் வேண்டும், அதில் ஒருவர் வங்கியின் பொறுப்பான அதிகாரியாக இருக்க வேண்டும். வங்கி ஊழியர் இப்படி ஒரு விதி இருப்பதே தெரியாது என்று சொன்னால் மேலாளரைப் பாருங்கள்.

வீட்டுக்கு ஒரு நோட்டு

19 வீட்டுக்கும் 19 நோட்டு வாங்குங்கள். நோட்டு அந்த வீட்டிலேயே இருக்கட்டும். உங்கள் வீட்டில் இருக்கும் நோட்டை உங்கள் நோட்டு என்றுதான் சொல்வார்கள். ஒவ்வொரு பக்கத்திலும் தேதி, வந்த நேரம், வந்த இருவர் பெயர், செய்த வேலை, வாங்கிய பணம், செலவு, மீதி, கையெழுத்து. இருவர் என்பதை வலியுறுத்திச் சொல்கிறேன். தனியாகப் போனவர் பேச்சுக்குச் சாட்சி இல்லை. ஆள் பற்றாக்குறை என்றால் வீடுகளைக் குறையுங்கள்; 19 வீட்டுக்குத் தனித்தனியாக ஓடுவதைவிட 11 வீட்டுக்கு இருவராகப் போவது மேல்.

வாங்கும் பணம் ஒருமுறைக்கு 1,000 ரூபாய்க்கு மேல் வேண்டாம். அது முடிந்து கணக்கு எழுதிக் கையெழுத்தான பிறகே அடுத்த ஆயிரம். பில்லை நோட்டிலேயே ஒட்டுங்கள், ஆனால் அதற்கு முன் ஒரு ஜெராக்ஸ். மருந்துக்கடையிலும் சூப்பர் மார்க்கெட்டிலும் கொடுக்கிற வழவழப்பான தாள் வெப்பத்தில் அச்சாவது; கடலூர் சித்திரை வெயிலில் அலமாரிக்குள் இருந்தாலும் சில மாதத்தில் எழுத்து வெளுத்து வெறும் வெள்ளைத் தாளாகிவிடும். கோந்து பட்டால் இன்னும் சீக்கிரம். வழக்கு என்று வரும்போது வெள்ளைத் தாளை ஒட்டி வைத்த நோட்டைக் காட்டி நிற்பீர்கள்.

நகை, வீட்டுப் பத்திரம், பீரோ சாவி எதையும் வாங்கி வைக்காதீர்கள். "நம்பிக்கைதான், வைத்துக்கொள்" என்பார்கள். மருத்துவமனையில் சேர்க்கும் அவசரத்தில் கழற்றிக் கொடுக்கும் தாலிக் கொடியையும் வளையலையும் வார்டு செவிலியர் முன்னிலையில் எழுதி, படம் எடுத்து, உறவினரிடம் சேர்ப்பிக்க வேண்டும். அதே மருத்துவமனையில், அறுவை சிகிச்சைக்கான ஒப்புதல் படிவத்தில் நீங்கள் கையெழுத்துப் போடாதீர்கள். சுயநினைவோடு இருக்கும் நோயாளிதான் தனக்குக் கையெழுத்துப் போட வேண்டும். நினைவில்லாத அவசரத்தில் உயிரைக் காப்பது மருத்துவரின் கடமை என்று 1989-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கையெழுத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. துணைக்கு வந்தவர் என்ற இடத்தில் மட்டும் பெயர் எழுதுங்கள், உறவுமுறை என்ற இடத்தில் "தன்னார்வலர்" என்றே எழுதுங்கள். சிலர் பாசத்தில் "மகள்" என்று எழுதிவிடுகிறார்கள். வேண்டவே வேண்டாம்.

பதிவு செய்வது

பதிவு செய்யுங்கள், ஆனால் நீங்கள் நினைக்கும் காரணத்துக்காக அல்ல. பதிவு எண் இருந்தாலும் பணத்தைக் கையாண்டவர் தனியாகப் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். சங்கம் அவருக்குக் குடை பிடிக்காது. பதிவு செய்வதால் கிடைப்பது, குழுவின் பெயரில் பான் எண், இரண்டு பேர் கையெழுத்தில் இயங்கும் வங்கிக் கணக்கு, நிர்வாகிகள் மாறினாலும் தொடரும் அமைப்பு. இப்போது நன்கொடை எல்லாம் உங்கள் கூகுள் பே எண்ணுக்கு வருவதாக எழுதியிருக்கிறீர்கள். அது உங்கள் சொந்த வருமானத்தோடு கலந்துகொண்டிருக்கிறது. வேறெதையும் விட்டாலும் இதை நிறுத்துங்கள்.

தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன்படி குறைந்தது ஏழு பேர் சேர்ந்தால் சங்கம் பதியலாம். உறுப்பினர் 20 ஆனாலோ, ஆண்டு வரவு செலவு சட்டம் குறித்திருக்கும் சிறிய தொகையை எட்டினாலோ பதிவு கட்டாயம். நீங்கள் 12 பேர்தான் என்றாலும் 19 வீட்டுச் செலவைப் பார்த்தால் அந்தத் தொகையை எப்போதோ தாண்டியிருப்பீர்கள். சங்க விதிகளை இணையத்திலிருந்து எடுத்து நகல் அடிக்காதீர்கள். நிர்வாகக் குழுவில் மூன்று பேருக்குக் குறையக் கூடாது. ஒரே குடும்பத்தார் மூவராக இருந்தால் பெயருக்குத்தான் குழு. பதிவு செய்த சங்கங்கள் கெட்டுப்போவது மாவட்டப் பதிவாளர் அலுவலகத்துக்கு ஆண்டுக் கணக்கை அனுப்பாமல் விடுவதால்தான். பொதுக்குழு கூட்டி, தணிக்கை செய்த கணக்கை ஏற்று, பதிவாளரிடம் தாக்கல் செய்வதற்கு ஒரு ஆளைப் பெயர் சொல்லி நியமியுங்கள். முள்ளோடையைத் தாண்டி கன்னியக்கோயில், பாகூர் பக்கமும் வீடுகள் எடுக்கப்போகிறோம் என்கிறீர்கள். அது புதுச்சேரி; அங்கே சங்கங்களுக்கு நடப்பது 1860-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம், ஓய்வூதியமும் மருத்துவத் திட்டங்களும் வேறு நிர்வாகம். ஓராண்டு போகட்டும்.

பாரீஸ் பணம்

வாங்காதீர்கள். இதில் நல்லெண்ணமுள்ள பலர் மாட்டிக்கொள்கிறார்கள். 1962 ஆகஸ்ட் 16-இல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் நம் கண்ணுக்குப் பாகூர்க்காரர்கள், சொந்தக்காரர்கள். வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் கண்ணுக்கு அவர்கள் அயல்நாட்டவர். வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓ.சி.ஐ. அட்டை வைத்திருந்தாலும் அப்படித்தான். யூரோவாக வந்தாலும், விடுமுறைக்கு வந்த இடத்தில் ரூபாயாகக் கொடுத்தாலும், இங்குள்ள வங்கிக் கணக்கிலிருந்து அனுப்பினாலும் வெளிநாட்டு நன்கொடைதான். மத்திய உள்துறையில் பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் ஒரு ரூபாய்கூடப் பெற முடியாது. மீறினால் ஐந்து ஆண்டு வரை சிறை என்கிறது சட்டம்.

இதற்கு நேர்மாறு, பாரீஸிலேயே வேலை பார்த்தாலும் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர். தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அவர் அனுப்புவது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. எனவே 200 யூரோ தருவதாகச் சொன்னவரிடம் கூச்சப்படாமல் பாஸ்போர்ட் நகலைக் கேளுங்கள். பிரெஞ்சுப் பாஸ்போர்ட் என்றால், வெளிநாட்டு நன்கொடைப் பதிவுள்ள ஒரு தொண்டு நிறுவனத்துக்கு அவர் நேரடியாகக் கொடுக்கலாம். "அவர்கள் வாங்கி நமக்கு மாற்றிவிடட்டும்" என்று யோசிக்க வேண்டாம். 2020 திருத்தத்துக்குப் பிறகு அப்படி மாற்றித் தருவதும் தடை.

மாத்திரைப் பெட்டி

இறந்துபோனவர் வீட்டில் மீந்த மாத்திரைகளை வாங்கி, வேறொருவருக்குக் கொடுக்கிறீர்கள். உரிமம் இல்லாமல் மருந்தை இருப்பு வைப்பதும் விநியோகிப்பதும் 1940-ஆம் ஆண்டின் மருந்துகள் சட்டப்படி குற்றம். இலவசம் என்பது விலக்கு அல்ல. சட்டத்தை விடுங்கள், அட்டையைப் பாருங்கள். காலாவதித் தேதியும் பேட்ச் எண்ணும் அட்டையின் ஒரு ஓரத்தில்தான் அச்சாகியிருக்கும். கத்தரித்துப் பிரித்த பாதி அட்டையில் மருந்தின் பெயரே முழுசாக இருக்காது.

இன்சுலின் இன்னும் ஆபத்து. குப்பியில் வருவது பெரும்பாலும் மில்லிக்கு 40 யூனிட். பேனாவில் போடும் கார்ட்ரிட்ஜ் 100 யூனிட். 40-க்கான சிரிஞ்சின் மூடி சிவப்பு, 100-க்கானது ஆரஞ்சு. யாரோ கொடுத்த 100 யூனிட் மருந்தைத் தன் வீட்டுச் சிவப்பு மூடிச் சிரிஞ்சில் ஏற்றினால், 20 கோடு வரை இழுத்தவருக்கு உள்ளே போவது 50 யூனிட். ராத்திரி தூக்கத்திலேயே சர்க்கரை இறங்கிவிடும், காலையில் எழுப்ப முடியாது. பெட்டியை இன்றைக்கே மூடுங்கள். ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை வாங்க முடியாதவர்கள் பெயரை நகர்ப்புற சுகாதார நிலையத்தில் கொடுத்தால், 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே கொண்டுவந்து கொடுப்பார்கள். படுக்கையில் இருப்பவர்களுக்கு இயன்முறை சிகிச்சையும் அதில் உண்டு. அந்தப் பட்டியலில் பெயர் சேர்க்கும் வேலையை நீங்கள் எடுத்துக்கொண்டால் போதும்.

வீட்டை எழுதிவைக்கிறேன் என்றால்

"வேண்டாம் பெரியம்மா" என்று சாட்சி வைத்துச் சொல்லுங்கள். பராமரித்தவரே உயில் எழுதவும் ஏற்பாடு செய்து, சொத்தையும் அவரே அடைந்தால் நீதிமன்றங்கள் அந்த உயிலைச் சந்தேகத்தோடுதான் பார்க்கும். சந்தேகத்தைத் தீர்க்க வேண்டிய பாரம் உங்கள் தலையில் விழும். 8,000 ரூபாய்ப் பேச்சு நடக்கும் நேரத்தில் வீட்டுப் பேச்சும் சேர்ந்தால், மகன் இதுவரை சொன்னதற்கெல்லாம் காரணம் கிடைத்துவிடும். சங்க விதிகளிலேயே, உதவி பெறுபவரின் சொத்தை உறுப்பினரோ அவர் குடும்பமோ எந்த வடிவிலும் பெறக் கூடாது என்று ஒரு வரி சேருங்கள்.

மகனுக்கு எழுதிக் கொடுத்த செட்டில்மென்ட்டை ரத்து செய்வது தனி விஷயம். மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், 2007-இன் 23-ஆம் பிரிவில் அதற்கு வழி இருக்கிறது. பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிய பத்திரமா என்பதுதான் முதல் கேள்வி. பத்திரத்தைப் படிக்காமல் யாரும் உறுதி சொல்லக் கூடாது. பராமரிப்புத் தொகை மட்டும் வேண்டுமென்றால் வருவாய்க் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனு கொடுக்கலாம். மாதம் 10,000 ரூபாய் வரை உத்தரவிடலாம், வழக்கறிஞர் இல்லாமலே நடத்தும்படி எழுதப்பட்ட சட்டம் இது. அவர் அதிகாரம் கொடுத்தால் ஓர் அமைப்பும் அவருக்காக மனு போடலாம். ஆனால் அந்த அமைப்பு நீங்களாக இருக்க வேண்டாம், இப்போது நிச்சயம் வேண்டாம். அவருக்கு உண்மையிலேயே மகன்மேல் மனு போட விருப்பமா, அல்லது அன்றைக்கு வந்த கோபமா என்பதை உங்கள் காதில் படாமல் வேறொருவர் கேட்கட்டும். மஞ்சக்குப்பம் நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி. தொலைபேசி 15100. முதியோருக்கான உதவி எண் 14567.

காவல் நிலையத்திலிருந்து அழைத்தால்

போங்கள், தனியாகப் போகாதீர்கள். மூன்று ஆண்டு முதல் ஏழு ஆண்டுக்குள் தண்டனை உள்ள குற்றம் என்பதால், துணைக் கண்காணிப்பாளர் அனுமதியோடு 14 நாளுக்குள் முதற்கட்ட விசாரணை நடத்திவிட்டு வழக்குப் பதிவதா என்று முடிவு செய்ய புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் இடம் கொடுக்கிறது. உங்கள் பட்டியல் வேலை செய்யப்போவது அந்த 14 நாளில்தான். மகனுக்கு சி.எஸ்.ஆர். ரசீது (புகார் மனுவைப் பெற்றதற்குக் காவல் நிலையம் தரும் ரசீது) கொடுத்திருந்தால் அதன் எண்ணைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். வழக்குப் பதிவாகிவிட்டது என்று தெரிந்தால் அன்றைக்கே சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் உங்களுக்கென்று ஒரு வழக்கறிஞரைக் கேளுங்கள், முன்ஜாமீன் பற்றி அவர் முடிவு செய்வார். இந்த விஷயத்தைப் பற்றிய வாட்ஸப் செய்தி எதையும் அழிக்காதீர்கள், குழுவில் மகனைத் திட்டியிருந்தாலும்கூட.

பட்டியல், பில்கள், பெரியம்மா கையெழுத்திட்ட தாள் எல்லாவற்றிலும் இரண்டு நகல் எடுத்துக்கொண்டு போங்கள். ஒன்றைக் கொடுத்து, மற்றொன்றில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். அசலைக் கேட்டால், கைப்பற்றியதற்கான மகஜர் (சாட்சிகளோடு எழுதும் பதிவு) நகல் கொடுத்தால் தருகிறேன் என்று மரியாதையாகச் சொல்லுங்கள். அது இல்லாமல் அசல் உங்கள் பையை விட்டு வெளியே வரக் கூடாது.